புயல் போன பிறகு பிள்ளையின் தட்டு: கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கஜா அடித்த வாரம் எங்கள் வீட்டில் முதலில் நின்றுபோனது இட்லி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கரண்ட் இல்லை, கிரைண்டர் ஓடவில்லை, மாவு இல்லை. இளையவனுக்கு அப்போது 10 மாதம். காலை, இரவு இரண்டு வேளையும் அவனுக்கு இட்லிதான். பாட்டி காலத்து ஆட்டுக்கல்லைக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டு வைத்திருந்தோம். அதைத் தேய்த்துக் கழுவித் திரும்ப உள்ளே தூக்கிவர மூன்று பேர் வேண்டியிருந்தது.

அந்த வாரம் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாரி லாரியாகச் சோறு வந்தது, பிஸ்கட் வந்தது, ரொட்டி வந்தது. சிக்கல் ஆரம்பித்தது பொங்கலுக்குப் பிறகு. லாரிகள் நின்றுவிட்டன, வேலை திரும்பவில்லை, கூண்டிலிருந்த கோழிகள் செத்துப் போயிருந்தன, படகு கரையில் உடைந்து கிடந்தது. ரேஷன் அரிசி இருந்ததால் தட்டில் சோறு குறையவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய முட்டை, மீன், பால், பருப்பு, கீரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. புயல் மறுநாள் பசியில் அழும் பிள்ளையை ஊரே பார்க்கும். மூன்று மாதம் கழித்து வெறும் ரசம் சோறு சாப்பிடும் பிள்ளையை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டியில் புயல் நாளுக்குக் கொடுத்திருப்பதைவிட அதற்குப் பிந்தைய ஆறு மாதத்துக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எங்கே அடிபடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

2008 செப்டம்பரில் மகாநதி பெருக்கெடுத்து ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. மறு ஆண்டு ஆய்வாளர்கள் அங்கே வெள்ளம் புகுந்த ஊர்களிலும் புகாத ஊர்களிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அளந்து ஒப்பிட்டார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள், வெள்ளம் கண்ட ஊர்களில் ஏறக்குறைய 1.6 மடங்கு அதிகம். பிறந்த முதல் வருடத்திலேயே வெள்ளத்தில் மாட்டிய பிள்ளைகளிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

உயரம் குறைவது ஒரு வாரப் பட்டினியால் வருவதல்ல. மாதக்கணக்கில் சத்துக் குறைவதும், நடுநடுவே வயிற்றுப்போக்கு வந்து தின்றதையும் கொண்டுபோவதும் சேர்ந்து செய்கிற வேலை அது. வெள்ளம் வந்த இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன. நோய்வாய்ப்பட்ட பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாத பிள்ளைக்கு நோய் சீக்கிரம் பிடிக்கும். இந்தச் செக்கு ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது பேச்சில் அதிகம் வருவதில்லை: தாயின் நேரம். வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வேண்டும், நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்க வேண்டும். ஒன்பது மாதப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் ஊட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு ஓடுவோம். நானும் ஓடியிருக்கிறேன்.

தமிழ்நாடு ஏற்கெனவே நல்ல இடத்தில் நின்றுகொண்டு இந்த அடிகளை வாங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரத்தசோகை பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருக்கிறது.

படி 1: பிள்ளையின் வயதையும் புயல் மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறக்குறைய 1,000 நாட்கள். மூளையும் உயரமும் மிக வேகமாக வளரும் காலம் அது. இப்போது ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரையில் வருமானம் சரியும் இரண்டு பள்ளங்களைக் குறியுங்கள். ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மற்றது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நவம்பரில் அடிபட்டு மெல்ல எழுந்திருக்கும் மீனவக் குடும்பத்துக்கு ஏப்ரலில் மறுபடி வருமானம் நிற்கிறது. புயல் வந்த வருடம் இரண்டு பள்ளமும் ஒன்றாகிவிடும்.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள், நவம்பர், டிசம்பரில் ஆறு மாதத்தைத் தொடும் பிள்ளைகள். அதாவது மே, ஜூனில் பிறந்தவர்கள். தாய்ப்பாலிலிருந்து குழைந்த உணவுக்கு நகரும் நேரத்தில் அடுப்பு நனைந்து கிடக்கும். அப்படி ஒரு பிள்ளை வீட்டிலிருந்தால் கீழே சொல்லும் தகரப்பெட்டியைச் செப்டம்பரிலேயே கட்டிவிடுங்கள்.

படி 2: மழைக்கு முன் ஒரு பெட்டி

பெரியவர்களுக்கு அரிசி, மெழுகுவர்த்தி, டார்ச்லைட் என்று எல்லோரும் எடுத்து வைக்கிறோம். பிள்ளைக்குத் தனிப்பெட்டி வைக்கும் வீடுகள் குறைவு. இறுக்கமான மூடியுள்ள தகர டின் அல்லது பிளாஸ்டிக் டிரம் போதும்.

முக்கியமானது வறுத்து அரைத்த சத்துமாவு. இரண்டு பங்கு தானியம் (கேழ்வரகு, கோதுமை, புழுங்கலரிசி எது இருந்தாலும்), ஒரு பங்கு பாசிப்பருப்பு அல்லது பொட்டுக்கடலை, அரைப் பங்கு வேர்க்கடலை. தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போதே டின்னில் அடைத்தால் வியர்த்துக் கட்டிபிடிக்கும். நாளைக்கு 100 கிராம் என்று கணக்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 10 நாளைக்கு ஒரு கிலோ. அங்கன்வாடியில் தரும் சத்துமாவுப் பொட்டலம் கையிலிருந்தால் அதையே பிரிக்காமல் உள்ளே வைக்கலாம். அதில் இனிப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், வெல்லம் வேண்டாம்.

கூடவே அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு அரை லிட்டர் எண்ணெய். அவலுக்கு அடுப்பே வேண்டாம் என்பதால் அதை அரைக் கிலோ கூடுதலாகவே வைப்பேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, பொட்டுக்கடலைப் பொடியும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளை முடிந்தது. முழு வேர்க்கடலையையும் முழுக் கடலையையும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். இருட்டும் கூட்டமுமாக இருக்கும் முகாமில் அது இன்னும் ஆபத்து.

பிறகு ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி) பொட்டலம் ஆறு, ஒரு சின்னக் கிண்ணம், ஒரு ஸ்பூன், தையல்காரர் பயன்படுத்தும் நாடா ஒன்று. பால்புட்டி வேண்டாம், காரணம் அடுத்த படியில் வரும். தாய் சேய் நல அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு இதே பெட்டியில் வையுங்கள். தடுப்பூசி, எடை எல்லாம் அதில்தான் இருக்கிறது. அட்டை தண்ணீரில் போனால் முகாமுக்கு வரும் நர்சம்மாவிடம் தட்டுத் தடுமாறித்தான் சொல்ல முடியும்.

கொல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முருங்கை காற்றுக்கு முதலில் முறிகிற மரம். ஆனால் முறிந்த கிளையை மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்டி மேட்டில் நட்டால் துளிர்த்துவிடும். முறிந்த முருங்கையை விறகோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். கடல்நீர் ஏறிய நிலத்தில் உடனே எதுவும் பிடிக்காது; பழைய சாக்கில் நல்ல மண்ணை நிரப்பித் திண்ணைமேல் வைத்து சிறுகீரை, தண்டுக்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். கஜாவில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தபோது பனை பெரும்பாலும் நின்றது. தை மாதம் பனங்கிழங்கு கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதை மறக்க வேண்டாம். அவித்து நார் எடுத்து மசித்தால் பிள்ளைக்கும் ஆகும்.

படி 3: புயல் நாட்களில் தாய்ப்பாலைக் காப்பாற்றுங்கள்

முகாமில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "பால் வத்திப்போச்சு அக்கா." அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் பயமும் அலைச்சலும் பால் சுரப்பதை நிறுத்துவதில்லை; சுரந்த பால் இறங்கி வருவதைத்தான் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். பிள்ளை அழும், தாய்க்கு இன்னும் பதற்றம் கூடும். மருந்து மறுபடி மறுபடி மார்பில் போடுவதுதான். பிள்ளை சப்பச் சப்பத்தான் உடம்பு பாலை உண்டாக்கும். பக்கத்தில் ஒரு மாமியாரோ அத்தையோ உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தால் அதுவும் வேலை செய்யும். 24 மணி நேரத்தில் ஆறு தடவையோ அதற்கு மேலோ பிள்ளை சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

ஆறு மாதம் முடியாத பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். வெள்ள நேரத்தில் இந்த விதிக்கு இரட்டை மதிப்பு. ஊர்த் தண்ணீர் முழுக்கக் கெட்டுக்கிடக்கும்போது, கெடாத ஒரே தண்ணீர் தாய்ப்பாலில் இருப்பதுதான்.

இப்போது பால் பவுடர், அதாவது கைக்குழந்தைகளுக்கென்று டின்னில் வரும் பால் பவுடர். நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள், அதை மறுக்கவில்லை. 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் டின் பால் தாராளமாகப் பங்கிடப்பட்டது. பிறகு கணக்கெடுத்தபோது, இலவச டின் பால் கிடைத்த கைக்குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு கிடைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கலக்கும் தண்ணீர், கழுவாத புட்டி, அளவு தெரியாத ஸ்பூன் எல்லாம் சேர்ந்த விளைவு. இதோடு, நான்கு நாள் புட்டிப்பால் குடித்த பிள்ளை மார்பில் சப்புவதைக் குறைக்கும், அப்போது பால் உண்மையாகவே குறையும். டின் தீர்ந்த பிறகு என்ன செய்வது? இந்தியாவில் 1992 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: குழந்தைப் பால் மாற்றுப் பொருட்களையும் பால்புட்டிகளையும் இலவசமாகக் கொடுக்கத் தடை, அனாதை இல்லங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நிவாரணம் கொண்டுவரும் பலருக்கு இது தெரியாது. அவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. "அந்தக் காசுக்கு முட்டையும் பாசிப்பருப்பும் தாங்க, பிள்ளை பெற்றவ சாப்பிடட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரணப் பால் பவுடர் வந்துவிட்டால் அதைப் பெரியவர்களின் டீக்கும் பெரிய பிள்ளைகளின் கஞ்சிக்கும் திருப்பிவிடுங்கள்.

தாய் இல்லாத, அல்லது தாய்ப்பால் கொடுக்கவே முடியாத பிள்ளை வேறு விஷயம். அதற்கு டின் பால் வேண்டும். மருத்துவர் அல்லது செவிலியர் மேற்பார்வையில், கொதித்த தண்ணீரில் கலந்து, கிண்ணமும் ஸ்பூனும் கொண்டு புகட்ட வேண்டும். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், புட்டியின் கழுத்துக்குள் விரல் போகாது.

ஆறு மாதத்தைத் தாண்டிய பிள்ளைகளுக்கு முகாமில் வரும் சாம்பார் சாதம், தயிர்ச் சாதமே அடிப்படை. காரமாக இருந்தால் அதே சாதத்தில் வெறும் பருப்பை மட்டும் பொறுக்கி, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு மசியுங்கள். பொட்டலம் கட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். காலையில் கட்டிய பொட்டலம் மாலையில் வந்தால் பெரியவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும், பிள்ளைக்கு அவல்தான். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை முகாமில் மட்டுமாவது நிறுத்தப் பாருங்கள். சின்ன வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு இறங்காது. டீ உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

படி 4: தண்ணீர், வயிற்றுப்போக்கு

நம் கரையில் இதற்கு ஒரு தனிச்சிக்கல். கடல் ஏறிவந்த ஊர்களில் கிணறும் அடிபம்பும் உப்புக் கரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் ஏறும். அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுவதும் ஓஆர்எஸ் கலப்பதும் பிள்ளைக்கு ஆகாது. லாரித் தண்ணீரோ, சுத்தமான பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீரோ கிடைத்தால் முதல் குடம் பிள்ளைக்கு. அதையும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, மூடி வைத்து, மொள்ளுவதற்குக் கைப்பிடி உள்ள கரண்டி வையுங்கள். விறகு நனைந்து கொதிக்க வைக்க முடியாவிட்டால் குளோரின் மாத்திரை. உறையில் எழுதியிருக்கும் அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்து பயன்படுத்துங்கள்.

வயிறு போக ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். ஒரு ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலமே இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சுகாதார நிலையத்தில் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தருவார்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். அடுத்த பேதியைத் தள்ளிப்போடுவது அந்த மீதி நாட்கள்தான்.

கஜா நேரத்தில் ஊரெல்லாம் இளநீர் சிதறிக் கிடந்தது; பேதி கண்ட பிள்ளைகளுக்கு அதையே ஊற்றினோம். தண்ணீருக்குத் தண்ணீர், தப்பில்லை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியில் போவது சோடியம். அதனால் ஓஆர்எஸ் இருக்கும் இடத்தில் இளநீர் இரண்டாவதுதான்.

பேதியின்போது சாப்பாட்டை நிறுத்தும் வழக்கத்தை என் மாமியார் தலைமுறையிடம் இன்னும் பார்க்கிறேன். "வயிறு காயட்டும்" என்பார்கள். வயிறு காய்ந்தால் பிள்ளையும் காயும். தாய்ப்பாலையும் மசித்த உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடருங்கள். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடை திரும்புவது அந்த ஒரு வேளையில்தான். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்பினால், குடிக்கவே மறுத்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், துவண்டு கிடந்தால் 108-ஐ அழையுங்கள்.

படி 5: அடுத்த ஆறு மாதம், தட்டை எண்ணுங்கள்

எடையைவிட முன்னால் மாறுவது தட்டு. 1997-98இல் இந்தோனேசியாவில் பொருளாதாரமும் மழையும் ஒன்றாகக் கைவிட்டபோது நடு ஜாவாவின் கிராமங்களில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அரிசி விலை ஏறியதும் தாய்மார்கள் எப்படியோ பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் சராசரி எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் முட்டையும் கீரையும் குறைந்தன, பிள்ளைகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கியது. சோற்றை விட்டுக்கொடுத்த தாய்மார்கள் மெலிந்து போனார்கள். தராசை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும்.

ஆகவே வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்று பிள்ளை சாப்பிட்டதை எட்டு வகையாகப் பிரித்து எண்ணுங்கள்: தாய்ப்பால்; சோறு, கேழ்வரகு, கிழங்கு; பருப்பு, பயறு, வேர்க்கடலை; பால், தயிர்; மீன், கறி; முட்டை; கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம் போன்று பச்சை அல்லது ஆரஞ்சு நிறம் கொண்டவை; மற்ற காய், பழம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு இதில் ஐந்து வகையாவது இருக்க வேண்டும். கஜா முடிந்த தை மாதம் எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்திருந்தால் மூன்று வந்திருக்கும். அப்போது எனக்கு எண்ணத் தெரியாது.

ஐந்தைத் தொட காசு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பயறு, நெத்திலி, முருங்கை, முட்டை என்ற வரிசையில் நான் யோசிப்பேன். வாரத்துக்கு மூன்று முட்டை வாங்க முடிந்தால் அது பிள்ளைக்கு. வீட்டு ஆணுக்கு முட்டை, பிள்ளைக்கு முட்டைக் குழம்பு என்ற பங்கீடு நம் வீடுகளில் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர் என்று அதற்கு நியாயமும் சொல்வோம். வளர்கிற வேலை அதைவிடப் பெரிய வேலை. படகு போகாத நாட்களில் நெத்திலிக் கருவாடு கைகொடுக்கும். உப்பிடாமல் வெயிலில் காய்ந்தது கிடைத்தால் நல்லது, உப்பிட்டதென்றால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, திரும்பக் காயவைத்து, வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, தலையை நீக்கி, மையப் பொடிக்க வேண்டும். முள்ளும் சேர்ந்து பொடியாகிவிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் பருப்புச் சோற்றில் ஒரு சிட்டிகையில் ஆரம்பித்து ஒரு ஸ்பூன் வரை கலக்கலாம்.

சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ. தென்னை நின்ற காலத்தில் தேங்காய்ப்பால் வழியாகப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு தானாகப் போய்க்கொண்டிருந்தது. தென்னங்கன்று நட்டுக் காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் சமையல் அந்த இடைவெளியில் எவ்வளவு மாறியது என்று யாராவது எழுத வேண்டும்.

நனைந்து காய்ந்த தானியத்தில் கவனம் தேவை. வேர்க்கடலையில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால் கழுவி வறுத்துச் சரிக்கட்ட முடியாது. அந்த நஞ்சு வறுப்பதால் போவதில்லை. தூக்கி எறியுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

வதந்தியும் தட்டைக் காலி செய்யும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலில் போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற பேச்சு பரவி, ஜனங்கள் மாதக்கணக்கில் மீனைத் தொடவில்லை. அந்தத் துக்கம் புரிகிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஆனால் மீன் கெடவில்லை. பிள்ளைகள் மலிவான புரதத்தை இழந்தார்கள், மீனவர்கள் இரண்டாம் முறை பிழைப்பை இழந்தார்கள்.

அங்கன்வாடி எப்போது திறக்கிறது என்பதை இந்த மாதங்களில் விடாமல் கேளுங்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை சத்துமாவு, இரண்டு வயது தாண்டியவர்களுக்கு மதியச் சாப்பாடும் முட்டையும் என்பது பிள்ளையின் உரிமை. கட்டடம் சேதமானாலோ முகாமாக மாறினாலோ மையம் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். "டீச்சர், கட்டடம் இல்லேன்னா பரவாயில்ல, மாவும் முட்டையும் எங்க வந்து வாங்கிக்கணும்னு சொல்லுங்க" என்று நான்கு தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் வழி பிறக்கும். பிறக்காவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உறவினர் வீட்டுக்கு இடம்பெயர்ந்திருந்தால் அந்த ஊர் அங்கன்வாடியில் அட்டையைக் காட்டிப் பதியுங்கள்.

அதே நேரத்தில் வைட்டமின் ஏ திரவம், இரும்புச்சத்து சொட்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரை எதுவும் விட்டுப்போகாமல் அட்டையைப் பாருங்கள். சேற்றில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைக்குப் புழு நிச்சயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

படி 6: கையை அளவெடுங்கள்

இதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது கை. தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். சதை அழுந்தவும் கூடாது, இடைவெளியும் கூடாது. சென்டிமீட்டர் பக்கத்தில் படியுங்கள்.

12.5 அல்லது அதற்கு மேல் என்றால் பயமில்லை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் என்றால் அங்கன்வாடியிலும் நர்சம்மாவிடமும் அதே வாரம் சொல்லுங்கள். கூடுதல் உணவு தேவை. 11.5-க்குக் கீழே என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றாலும் அதே அவசரம்தான். வீங்கிய பிள்ளையைப் பார்த்துப் "புஷ்டியா இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 2022 முதல் நடக்கும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சிறப்பு உணவும் தருகிறார்கள்.

ரத்தசோகை இந்த நாடாவில் தெரியாது. கீழ் இமையின் உட்புறமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தால், மண், அரிசி, சுண்ணாம்பு தின்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

படி 7: தாய் கடைசியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள்

ஜாவாவில் நடந்ததே நம் வீட்டிலும் நடக்கும். எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் தாய். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தால், அல்லது மார்பில் ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையும் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒருவேளை கூடுதல், பால் கொடுப்பவளுக்கு அதைவிடக் கூடுதல். அங்கன்வாடியில் அவளுக்கென்று தரும் சத்துமாவு வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடிக்கப்பட்டுவிடுகிறது. அதைத் தனி டின்னில் வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம், டீயோடு வேண்டாம்.

தாய்க்குக் குடம் தூக்கிக்கொடுப்பதும், வரிசையில் அவளுக்குப் பதில் நிற்பதும், பிள்ளைக்கு அவள் ஊட்டும் அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதும் ஊட்டச்சத்து வேலைதான். இதைப் படிக்கும் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் சொல்கிறேன்.

குறித்துவைக்க ஒரு நோட்டு

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, கை அளவு, அன்றைய தட்டில் எத்தனை வகை, அந்த மாதம் எத்தனை நாள் பேதி அல்லது காய்ச்சல். தட்டு வாரம் ஒருமுறை, கை அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நவம்பரில் புயல் அடித்திருந்தால் தைக்குப் பிறகு நிறுத்திவிடாதீர்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் பாதியில் முதல் படகு மீனோடு திரும்பும்வரை எழுதுங்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை தட்டில் எத்தனை வகை என்று ஒருமுறை எண்ணிவிட்டு, நோட்டைத் தகரப்பெட்டியில் போடுங்கள், செப்டம்பரில் தேவைப்படும்.